பிள்ளையார் சார் பார்த்த பாறைகள்

மொன்றியலில் கல்லைக் கல்லாகப் பார்க்கத் தெரியாத ஒரே மனிதர் பிள்ளையார் சார்தான். எந்தக் கல்லைக் காட்டினாலும் அதில் அவருக்குப் பிள்ளையார் தெரிவார். அதனால் அந்தப் பெயர். அந்த ஊரின் அஹுன்ட்சிக் பகுதியில் எங்கள் மேல்வீட்டுக்காரர். இன்ஜினியர். பனி அள்ளும் வண்டி தெருவோரம் குவித்ததில் பெருமாள் படுத்திருப்பதாகச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர். வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். சார் நகரவில்லை.

எழுபதுகளில் ஒரு கோடையில் அமெரிக்கப் பாலைவனத்துக்குக் கிளம்பினோம். கார் அவருடையது. ஓட்டியது நான். துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவன். அவர் ஓட்டினால் பாறையைப் பார்த்துக்கொண்டே பள்ளத்தில் விடுவார். பின் சீட்டில் என் மனைவி சரோஜா, மடியில் புளிசாதத் தூக்கு.

யூட்டாவில் சிவப்புப் பாறைகள் தொடங்கின. எனக்கு வயிற்றெரிச்சலும் தொடங்கியது.

"ஏம்மா, அந்த ரெண்டு பாறையப் பாரு. மாமியார் மருமகளத் திட்டுறா."

"ஆமா சார். இடுப்புல கை வேற."

சரோஜா சிரித்தாள். கனடா வந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்ததில்லை. நான் சிரிக்க வைத்ததும் இல்லை. ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

ஒரு பள்ளத்தாக்கில் தும்பிக்கையோடு பாறை நின்றது. சார் செருப்பைக் கழற்றிவிட்டுப் பிரதட்சிணம் கிளம்பினார். மணல் தோசைக்கல்லாகக் காய்ந்தது. பிள்ளையாரைச் சுற்றப் போனவர் முருகனுக்குக் காவடி ஆடித் திரும்பினார். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரத் தம்பதியும் மரியாதையாகப் பூட்ஸைக் கழற்றிவிட்டார்கள். சரோஜா எங்கள் குடிதண்ணீரை எடுத்து சார் காலில் ஊற்றினாள்.

எனக்குத் தாகம்.

ஒரே ஒரு பாறை. அவருக்கு முன்னால் நான் காட்ட வேண்டும், அவள் சிரிக்க வேண்டும். அவ்வளவுதான். சாயங்காலம் ஒன்று தென்பட்டது. காரை நிறுத்தினேன்.

"சரோஜா, அது ஒட்டகம்."

"எதுங்க? அது கல்லுங்க."

சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். உதடு அசைந்தது.

"எனக்கும் ஒண்ணும் தெரியலம்மா. தம்பி, நீங்க சொல்லுங்க. தலை எங்க?"

தலை இல்லை. எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"குனிஞ்சு தண்ணி குடிக்குது."

"இந்தக் காட்டுல தண்ணி ஏதுங்க?" என்றாள் சரோஜா.

"நீ சார் காலுல ஊத்தினியே, அது."

சரோஜா என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். புளிசாதத் தூக்கு மடியிலிருந்து உருண்டது.

நான் பக்கத்து சீட்டைப் பார்த்தேன். சார் அந்தக் கல்லைப் பார்த்தபடி கை கூப்பியிருந்தார். நான் பார்ப்பது தெரிந்ததும் கையைப் பிரித்துச் சட்டைப் பித்தானைத் தடவினார்.

அதில் யாரைப் பார்த்தாரோ, கடைசிவரை சொல்லவில்லை. அப்படி விட்டுக்கொடுக்க எனக்கு வந்திருக்காது. அவர்மேல் அந்த ஒரு பொறாமை மட்டும் இன்னும் மிச்சமிருக்கிறது.