முள் அசையாத இணைப்பு

மகளின் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. இரண்டு நிமிடமாகியும் மூடவில்லை. மீட்டர்காரர் போனை ஜன்னலுக்குக் கொண்டுபோனார், பால்கனிக்குக் கொண்டுபோனார், கடைசியில் ஸ்டூல் மேல் ஏறிக் கையை உயர்த்தினார். வாய் அப்படியேதான் இருந்தது.

"இறங்குங்க. விழுந்து கையைக் காலை ஒடைச்சுக்கிட்டா, அதைக்கூட அவகிட்ட சொல்ல முடியாது" என்றாள் மனைவி.

குடிநீர் வாரியத்தில் முப்பத்தோரு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவர் அவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும், பெயருக்கு மட்டும் ஓய்வு கிடைக்கவில்லை. குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் மீட்டர்காரர்தான்.

ஒரே மகள். கடல் தாண்டி வேலைக்குப் போனவள், இப்போது ஐந்து மாதக் கர்ப்பம். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கூப்பிடுவாள், இருபது நிமிடம் பேசுவாள். அந்த இருபது நிமிடத்தை நம்பித்தான் பெற்றவர்கள் மீதி வாரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். வாந்தி நின்றுவிட்டது என்றாளா, நிற்கவில்லை என்றாளா என்று போன வாரம் முழுக்க வீட்டில் சண்டை.

"வீட்டுக்கே நெட் போட்டுடலாம்" என்றாள் மனைவி.

"வாரத்துக்கு இருபது நிமிஷம். அதுக்கு மாசம் பூரா நெட்டா? தலைவலி மாத்திரை வாங்க மருந்துக்கடையையே விலைக்கு வாங்கச் சொல்றே."

"என் பொண்ணு மூஞ்சியை நான் முழுசாப் பார்க்கணும்."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். அவருக்கும் அதேதான் வேண்டியிருந்தது.

இணைப்பு கொடுக்கும் ஆபீஸில், கவுன்ட்டரில் இருந்த பெண் ஒரு பட்டியலை நீட்டினாள்.

"சினிமா நிறையப் பார்ப்பீங்களா சார்? கேம் விளையாடுவீங்களா?"

"பொண்ணைப் பார்ப்போம். வாரத்துக்கு இருபது நிமிஷம்."

அவள் பட்டியலின் அடியில் இருந்த பிளானைக் காட்டினாள்.

"இதுக்கும் கீழே?"

"ஒண்ணு இருக்கு சார். யாரும் கேட்டதில்லை, அதனால எழுதல."

மனைவி அவர் முழங்கையைக் கிள்ளினாள். பட்டியலில் இருந்ததையே வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

இரண்டு நாளில் லைன்மேன் வந்தார். சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் பச்சை விளக்கு எரிந்தது. மீட்டர்காரர் அதன் முதுகில் இருந்த எண்களையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். எந்த மீட்டரைப் பார்த்தாலும் அவர் கை அப்படித்தான் செய்யும்.

"இன்னும் ஒரு சின்ன வேலை பாக்கி சார். அடுத்த வாரம் வந்து முடிச்சுடறேன்" என்று சொல்லிவிட்டு லைன்மேன் போனார்.

அன்று சாயங்காலம் மேல்வீட்டுத் தையல்காரம்மா பெட்டியைப் பார்க்க இறங்கி வந்தாள். தனியாக இருப்பவள், ஐம்பதை நெருங்கியவள். கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. மகள் மாதிரி ஒருத்தி தனக்கும் இருந்தால் என்று அடிக்கடி சொல்வாள்.

"போனைக் கொஞ்சம் குடுங்கண்ணே, பாப்பா போட்டோ பார்க்கிறேன்" என்று வாங்கியவள், பார்த்தாள், எதையோ தட்டினாள், இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கண்ணாடி போலத் தெரிந்தாள். அவளுக்குப் பின்னால் அலமாரியில் மூடாமல் கிடந்த பற்பசைகூடத் தெரிந்தது.

"வாந்தி நின்னு பத்து நாளாச்சுப்பா" என்றாள்.

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஒரு வாரச் சண்டையின் தீர்ப்பு அதில் இருந்தது.

லைன்மேன் போன் செய்தபோது மீட்டர்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். "எல்லாம் அருமையா வருது. சின்ன வேலைன்னு வந்து தனியா ஒரு பில்லை நீட்டவேண்டாம்."

"வருதா சார்?" லைன்மேனின் குரலில் கொஞ்சம் ஆச்சரியம் இருந்தது.

"பிரமாதமா வருது."

"வருதுன்னா சரி சார்."

அதன் பிறகு ஞாயிறு நாலு ஐம்பத்தைந்துக்குப் பெட்டியைப் போடுவார், ஐந்து இருபதுக்கு அணைப்பார். அணைத்த பிறகும் போனில் ஒன்றிரண்டு செய்திகள் வந்து விழுந்தன. மனைவி காரணம் கேட்டாள்.

"குழாயை மூடினாலும் பைப்புல இருக்கிறது கொஞ்ச நேரம் சொட்டும்" என்றார். இனி போனுக்குத் தனியாக டேட்டா எதற்கு என்று அதையும் நிறுத்திவிட்டார்.

மாதம் முடிந்ததும் எவ்வளவு செலவழிந்திருக்கிறது என்று பார்க்க ஆபீஸுக்குப் போனார். கவுன்ட்டர் பெண் திரையை இரண்டு முறை பார்த்தாள்.

"சார், நீங்க ஒண்ணுமே யூஸ் பண்ணலைன்னு காட்டுது. பூஜ்யம்."

மீட்டர்காரரின் நெஞ்சு விரிந்தது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் தேடிக்கொண்டிருந்த வீடு அது. கடைசியில் அது அவர் வீடாகவே இருந்துவிட்டது.

"ஒரு யூனிட்டுக்குக் கீழே போனா முள் அசையாதும்மா. நிறையப் பார்த்திருக்கேன். சரி, அந்த எழுதாத பிளானுக்கு மாத்திடு."

அடுத்த ஞாயிறே மகளின் வாய் மறுபடி திறந்தபடி நின்றது.

"கஞ்சத்தனம் பண்ணினா இப்படித்தான்" என்றாள் மனைவி.

"பிளான்ல தப்பில்லை. எங்கேயோ லீக் இருக்கு."

லீக்கைக் கண்டுபிடிப்பது அவருக்குக் கைவந்த கலை. எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பார்க்க வேண்டும். ஓடினால் எங்கோ ஓட்டை. பெட்டியை அணைத்தார். போனை மடியில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தார். போனில் நெட் அடையாளம் போகவேயில்லை.

"மூடினாலும் ஓடுது. யாரோ நம்ம பைப்புல ஓட்டை போட்டிருக்காங்க" என்றபோதுதான் மேலே இருந்து அந்தக் குரல் கேட்டது.

"ஊசியைக் கேமரா பக்கம் காட்டுங்க. ஆங், அப்படித்தான். மத்தவங்களும் காட்டுங்க."

தையல்காரம்மா அன்றுதான் ஆன்லைனில் தையல் வகுப்பு ஆரம்பித்திருந்தாள். பன்னிரண்டு மாணவிகள்.

மனைவி தடுப்பதற்குள் மீட்டர்காரர் படியேறிவிட்டார். வகுப்பு முடியும்வரை வாசலில் நின்றது மட்டும்தான் அவர் காட்டிய மரியாதை.

"எங்க வீட்டு நெட்டை யாரோ எடுக்கிறாங்கம்மா. நான் பரிசோதனை பண்ணிப் பார்த்துட்டேன்."

"நானா அண்ணே?"

"யாருன்னு நான் சொல்லலை. ஆனா பன்னெண்டு பேர் ஊசி காட்டினா எங்க பொண்ணு எப்படித் தெரிவா?"

அவள் வாயைத் திறந்தாள், ஏதோ சொல்ல வந்தாள். பிறகு கழுத்து நாடாவின் நுனியைக் கொஞ்ச நேரம் விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா எத்தனை மணிக்குப் பேசும்?"

"அஞ்சுலேருந்து அஞ்சு இருபது."

"சரிண்ணே. இனிமே அந்த நேரத்துல நான் தொடமாட்டேன்."

"வெளியூர் போனாலும் சுவர்ல இருக்கிற உங்க பெட்டியை அணைச்சுட்டுப் போகணும். சும்மா ஓடவிடக் கூடாது."

"அணைச்சுடறேன்."

அவர் இறங்கி வந்து வெற்றியை அறிவித்தார். மனைவி நம்பவில்லை.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்போ மூணு நாள் சமைச்சுப் போட்டவ. அவளா?"

"ஒத்துக்கிட்டாளே."

சொல்லிவிட்டாரே தவிர, அது அவரை உறுத்தியது. மீட்டரைத் திருப்பி வைத்தவர்களை அவர் எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறார். சத்தம் போடுவார்கள், அழுவார்கள், மேலதிகாரியைத் தெரியும் என்பார்கள். மகள் பேசும் நேரத்தை விசாரித்த திருடி இவள் ஒருத்திதான்.

உறுத்தல் இருந்தும் அவர் வாய் சும்மா இருக்கவில்லை. எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று கீழே இரண்டு வீட்டில் சொல்லிவைத்தார். அது நாலு வீடாகப் பரவியது. கொஞ்ச நாளில் இரண்டு பெண்கள் தைக்கக் கொடுத்த துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போவதை அவரே பால்கனியிலிருந்து பார்த்தார். மேலே நின்றிருந்தவளும் பார்த்தாள். அவர் சட்டென்று உள்ளே வந்துவிட்டார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் தெளிவாகத் தெரிந்தாள். வயிறு பெரிதாவது தெரிந்தது. அதைப் பார்க்கும்போது மற்றதெல்லாம் மறந்துபோயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை குழந்தை பிறந்தது. மாப்பிள்ளை சாதாரண போனில் கூப்பிட்டுச் சொன்னார். பெண் குழந்தை, இருவரும் நலம். ஞாயிறு ஐந்து மணிக்குக் காட்டுகிறோம் என்றார். மனைவி இரண்டு நாளும் போனைத் துடைத்துத் துடைத்து வைத்தாள்.

ஞாயிறு காலை மேல்வீடு பூட்டியிருந்தது. தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள், வர ஒரு வாரமாகும் என்றார்கள். அன்று மத்தியானம் போனில் நெட் இல்லை.

மீட்டர்காரர் பெட்டியை அணைத்துப் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது, நெட் வரவில்லை. பெட்டியைத் தட்டினார். தட்டியதில் பச்சை விளக்கும் போயிற்று. போனில் டேட்டா போடச் சொல்லிக் கடைக்கு ஓடினார். ஞாயிறு, கடை அடைத்திருந்தது.

"நாலு மாசம் காத்திருந்தேன்" என்றாள் மனைவி. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"போறப்போ மொத்தத்தையும் வழிச்சு எடுத்துட்டுப் போயிட்டா" என்றார். சொல்லும்போது அவருக்கே அது சரியாகப் படவில்லை. கண் கலங்கிவிட்டது.

நாலரை மணிக்கு அழைப்பு மணி அடித்தது. தோளில் கேபிள் சுருளும் கையில் ஏணியுமாக லைன்மேன் நின்றிருந்தார்.

"நான் இன்னும் புகாரே கொடுக்கலையே. அதுவும் ஞாயித்துக்கிழமை" என்றார் மீட்டர்காரர்.

லைன்மேன் ஏணியைச் சுவரில் சாய்த்தார். "உங்க வீட்டுக்குத் தெருவிலேருந்து வயரே இன்னும் இழுக்கலையே சார், இவ்வளவு நாளும் உங்களுக்கு வந்தது மேல்வீட்டம்மா உங்க போன்ல போட்டுவிட்ட அவங்க நெட்டு. அவங்கதான் காலையில பஸ்ஸுல இருந்து போன் பண்ணி, 'அண்ணன் சொன்ன மாதிரியே பெட்டியை அணைச்சுட்டு வந்துட்டேன், அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, அஞ்சு மணிக்குள்ள எப்படியாவது லைன் குடுத்துடுங்க, அவர் பேத்தியைப் பார்க்கணும்'னு சொன்னாங்க."