பூவம் சாவடியில் நான் கொடுத்த வாக்குமூலம்

என்னை இதுவரை யாரும் திருடி என்று சொன்னதில்லை. சொன்னவள் நான் ஒருத்திதான். அதுவும் ஒன்பது வயதில், தினமும் இருபது தடவை.

கடைக்குப் போய்விட்டு வந்தால் போதும், எனக்கே தெரியாமல் எதையாவது எடுத்து வந்துவிட்டேனோ என்று பயம் பிடித்துக்கொள்ளும். பாவாடையை உதறுவேன். மறுபடியும் உதறுவேன் (நடுத்தெருவில்தான்). "நான் எதையும் எடுக்கலல்லம்மா?" என்று கேட்டால் அம்மா "இல்லடி" என்பாள். அந்த "இல்லடி" ஐந்து நிமிஷம் தாங்கும். இப்போது டாக்டர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்து வைத்தியமும் பார்க்கிறார்கள். அன்று காரைக்காலில் எனக்குக் கிடைத்த டாக்டர் அம்மாவின் தம்பி, என் மாமா.

"மனசுல தோணுறத வாய்விட்டுச் சொல்லிடு பாப்பா. உள்ள வச்சிருந்தாத்தான் அரிக்கும்" என்றார். நானும் சமர்த்தாகத் தலையாட்டினேன்.

அந்த வாரமே தரங்கம்பாடியில், மாப்பிள்ளை வீட்டில் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் வருவதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். காரைக்கால் அப்போது பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. பூவம் தாண்டினால் இந்திய எல்லை. கஸ்டம்ஸ்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி, வெளிநாட்டுச் சரக்கு கடத்துகிறோமா என்று பார்ப்பார்கள். அன்று ஏறிய அதிகாரி எங்கள் சீர்த்தட்டுகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினார். அந்த நொடியில் எனக்குத் தோன்றியது. தோன்றினால் சொல்லிவிட வேண்டும் அல்லவா?

"சார், நாங்க ஏதோ கடத்துறோம்."

மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. தன் வைத்தியம் இவ்வளவு சீக்கிரம் வேலை செய்யும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

தட்டுகள் எல்லாம் சாலையோரம் இறங்கின. லட்டை உடைத்துப் பார்த்தார்கள் (உள்ளேயும் லட்டுதான்). பட்டுப்புடவையை மடிப்பு மடிப்பாகப் பிரித்தார்கள். தலை நிறையப் பூவோடு அக்கா புளியமரத்தடியில் நின்று அழுதாள். என்னால் இந்தச் சம்பந்தமே போய்விடும் என்று நான் பாவாடையை உதறிக்கொண்டே நின்றேன். ஒன்றும் கிடைக்காமல் அதிகாரி போகச் சொன்னபோது மணி பத்தே கால். அப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை. "சார், எங்க உடுப்ப இன்னும் பாக்கலியே" என்று ஆரம்பிப்பதற்குள் அம்மா என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள்.

"இருந்தா இருந்துட்டுப் போவட்டும். வாய மூடிக்கிட்டு ஏறு."

அம்மா "இல்லடி" சொல்லாதது அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் மறுபடியும் கேட்டேன். அதே பதில். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அடித்து அடித்து, பிறகு தானாகவே அடங்கியது. இருந்தால் இருக்கட்டுமே என்று உடைந்த லட்டை எடுத்துத் தின்றேன்.

போய்ச் சேர்வதற்குள் பத்தரை தாண்டிவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் ராகுகாலம் முடிய, பன்னிரண்டு மணிவரை பசியோடு உட்கார்ந்திருந்தோம். தட்டு மாற்றியதும் மாமா ஜிப்பாவின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். அங்கே கட்டியிருந்த புத்தம் புது வெளிநாட்டுக் கைக்கடிகாரத்தைக் கழற்றி மாப்பிள்ளைக்குப் போட்டுவிட்டார். அம்மா என் பக்கமே திரும்பவில்லை.

அம்மா எனக்கு வைத்தியம் பார்க்கவில்லை, தம்பியைக் காப்பாற்றியிருக்கிறாள். ஆனாலும் அந்தப் பதில் வேலை செய்தது. அதற்குப் பிறகு நான் எத்தனை தடவை கேட்டாலும் அம்மா அதையேதான் சொன்னாள். கொஞ்சம் கொஞ்சமாக நானும் கேட்பதை விட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் அவள்மேல் அன்பு பொங்குகிறது.

அக்காவுக்கு இப்போது தொண்ணூறு வயது. விமான நிலையத்தில் சோதனை வரிசை வந்தால் மட்டும், தடியை ஊன்றிக்கொண்டு என்னைவிட்டுப் பத்தடி தள்ளிப் போய் நிற்கிறாள். யாராவது கேட்டால், இந்த அம்மா யாரென்றே தெரியாது என்கிறாள்.