மேகத்துக்குத் தூசி அனுப்பிய மில்

11.9.1995 திங்கள், காலை 10.40. அஹமது கபீர் வீட்டுக் கொடியில் உங்கள் அரிசி மில்லின் கரி விழுந்த வெள்ளைச் சட்டைகள் ஒன்பது. விசாரணை இந்தக் கணக்கோடுதான் தொடங்கியது.

மஸ்கட்டில் இருக்கும் மதிப்புக்குரிய ஜாஃபர் சாதிக் மாமா அவர்களுக்கு, முத்துப்பேட்டையிலிருந்து மருமகன் அஸாரின் ஸலாம். உம்மாவும் தங்கை தஹ்மீனாவும் சுகம். உங்கள் சுகத்துக்கு துஆ செய்கிறோம். உங்கள் மில்லுக்கு யார் துஆ செய்கிறார்கள் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

ஹஃப்ஸாவை எனக்குக் கொடுக்க அவள் வாப்பா அஹமது கபீர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "தம்பி, நீங்க இஞ்ஜினியர், அது ஒங்க மாமா மில்லு. கரிய நிறுத்திட்டு வந்து பொண்ணு கேளுங்க." நியாயம்தான். தெருவே கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தது; எழுதியது நான், கோபித்துக்கொள்ளாதீர்கள். மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி மில் களத்துக்கே விசாரிக்க வந்தார். எல்லாம் எங்கள் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. கடைமடை விவசாயி முருகையன் எழுந்து, "ஐயா, இந்தப் பொகைதான் மேகத்த வெரட்டியடிக்குது. நாத்தங்கால் காயுது" என்றார். அதிகாரி குறித்துக்கொண்டார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்நேரம் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போயிருக்கும். ஆனால் தப்பான விஞ்ஞானத்தைக் கேட்டுக்கொண்டு எப்படி மாமா உட்கார்ந்திருப்பது? எழுந்து சொன்னேன்: உயரத்து மேகத்தில் தண்ணீர்த் துளி பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து டிகிரி போனாலும் லேசில் உறையாது, பிடித்துக்கொள்ள ஒரு தூசி வேண்டும், அதன்மேல்தான் பனிக்கட்டி பிறக்கும், சுற்றியுள்ள ஈரத்தை இழுத்துப் பெருக்கும், கனம் தாங்காமல் விழும், வழியில் உருகி மழையாகும், ஆகவே தூசி மேகத்தை விரட்டாது.

அதுவரை தலைகுனிந்து நின்ற உங்கள் மானேஜர் இளையபெருமாள் நிமிர்ந்தார். "அப்ப மழைக்குத் தூசி வேணும்ங்கிறீங்க."

"வேணும்தான், ஆனா..."

"சார், எழுதிக்குங்க. மொதலாளி மருமகனே சொல்லிட்டாரு. நாங்க மேலதான் அனுப்புறோம்."

அன்று சாயங்காலமே, அதிகாரியின் ஜீப் ஊரைத் தாண்டுமுன், அரை மணி நேரம் மழை கொட்டியது.

மறுநாள் முருகையன் ஆட்களோடு மில் வாசலில் காவல் இருந்தார், யாரும் மூடிவிடக்கூடாதென்று. போய் விளக்கினேன். அந்த மேகம் இருப்பது ஏழெட்டு கிலோமீட்டர் உயரத்தில், இந்தப் புகை தென்னை உயரம் ஏறி கபீர் வீட்டுக் கொடியில் இறங்கிவிடுகிறது, தவிர உமிக்கரியில் பனி சரியாகப் பிடிக்காது, களிமண் தூசியென்றால் பிடிக்கும் என்றேன். "களிமண்ணா? மொதல்லயே சொல்லக்கூடாதா தம்பி" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை அவர் காதில் ஏறவில்லை. காய்ந்த வாய்க்கால் களிமண்ணை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து, இடித்துச் சலித்து, உமியோடு கலந்து பாய்லர் அடுப்பில் கொட்டினார்கள். இளையபெருமாளே முறம் பிடித்தார். அடுப்புக்குள் அது வெந்து செங்கல்லாகி அடைத்துக்கொண்டது. மில் நின்றுவிட்டது.

இதுதான் சமயம் மாமா. கரி பிடிக்கும் கருவி வைக்கும்வரை மில்லைத் திறக்கக்கூடாது என்று இளையபெருமாளுக்கு ஒரு வரி எழுதுங்கள். கபீரும் நாள் குறிக்க வரச் சொல்லிவிட்டார். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும், இரக்கமுள்ள அரபு முதலாளியும் தருவானாக.

அன்பு மருமகன்,
அஸார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் கபீரே வீட்டுக்கு வந்தார். சட்டை பளிச்சென்று இருந்தது, முகம்தான் இல்லை. "மாப்ளே, மில்லு நின்னதுலேர்ந்து ஒரு சொட்டு இல்ல. எனக்கும் ஆறு மா நெலத்துக்கு நாத்து கெடக்கு. எப்ப ஓட்டுவீங்க?" இரண்டுக்கும் தொடர்பில்லை என்று விளக்க ஆரம்பித்தேன். "ஹஃப்ஸாவக் கேட்டீங்கள்ல?" என்றார். நிறுத்திக்கொண்டேன். ஆகவே மேலே எழுதியதை எழுதாததாக வைத்துக்கொள்ளவும். இனி நான் செய்யப்போவது:

1. அடுப்புக்குள் நானே இறங்கிச் செங்கல்லைக் கொத்தி எடுப்பது.
2. வெள்ளிக்கிழமைக்குள் கபீர் கண்ணுக்குத் தெரியும்படி புகைவிடுவது.
3. ஹஃப்ஸாவிடம் மட்டும் உண்மையைச் சொல்வது.
4. நிக்காஹ் அன்று மழை பெய்து, ஏன் பெய்கிறது என்று யாராவது கேட்டால், "பிரியாணி சாப்பிட்டீங்களா" என்று கேட்பது.