செயலி முளைப்பித்த பல்

பிள்ளையின் வாய் என் மடியிலேயே இருந்தது. பிறகு ஏன் அதில் பல் இருக்கிறதா என்று போனைக் கேட்டேன்?

பத்து மாதமாகியும் மகளுக்குப் பல் வரவில்லை. என்னிடம் பிள்ளை வளர்ப்புச் செயலி ஒன்று இருந்தது. பால், தூக்கம், வயிற்றால் போனது என்று எல்லாம் விசாரிக்கும். (மாமிகூட இவ்வளவு கேட்டதில்லை.) பல்லுக்கு நேரே மட்டும் எப்போதும் சிவப்பில் 'தாமதம்' என்றிருக்கும். என் பாலில் குறையோ, பரம்பரையில் குறையோ என்று நான் தேய்ந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் சோறு ஊட்டிய கையோடு அவள் வாய்க்குள் பல் முளைக்கும் முரசைப் படமெடுத்துச் செயலிக்குக் கொடுத்தேன். திரையில் பலூன்கள் பறந்தன. 'முதல் பல்! வாழ்த்துகள்!' நான் வாயைத் திறந்து பார்க்குமுன்பே அது கணவரின் சொந்தம் முழுவதற்கும் செய்தி அனுப்பிவிட்டது. கனடாவிலிருந்து மச்சாள் அழுதபடி கூப்பிட்டார்.

மாமிக்குச் சந்தேகம்.

"எனக்கெண்டால் ஒண்டும் தெரியேல்லை. தண்ணிப் பேணியாலை தட்டிப் பாப்பமே பிள்ளை? பல்லெண்டால் சத்தம் கேக்கும்."

"ஐயோ மாமி, முரசு நோகும். எங்கடை கண்ணுக்குத் தெரியாததும் உதுக்குத் தெரியும்." (படித்த மருமகள் அல்லவா!)

முதல் பல்லுக்குச் செய்யும் பல்லுக்கொழுக்கட்டைச் சடங்குக்கு நாள் வைத்தோம். புத்தூரிலிருந்தும் அச்சுவேலியிலிருந்தும் சனம் வந்தது. மகளின் தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்துக் கொழுக்கட்டையைச் சொரிந்தோம். போனுக்குள் கனடா கைதட்டியது. அப்போது மாமியின் அக்கா, அச்சுவேலிப் பெரியமாமி, தண்ணீர் பருக்கும் சாட்டில், சில்வர் பேணியை முரசில் மெல்லத் தட்டினார். வீடே மூச்சடக்கிக் காது கொடுத்தது.

ஒரு சத்தமும் இல்லை. பெரியமாமி என் பக்கம் திரும்பினார்.

"என்ன பிள்ளை, கொழுக்கட்டைக்கெல்லாம் பல்லிருக்கு, பெட்டைக்கு இல்லையே!" (கொழுக்கட்டைகளில் தேங்காய்ச் சொட்டைப் பல்லாகக் குத்தியிருந்தோம்.)

நான் அவசரமாகப் படத்தைப் பெருப்பித்துக் காட்டினேன். பெரியமாமி கண்ணாடியைப் போட்டார்.

"உது சோத்துப் பருக்கையெல்லோ!"

முதலில் சிரித்தது என் கணவர். இன்றும் போனைப் பார்த்து "மழை வருமாம் மாமி" என்றால், "பல்லோ பருக்கையோ, வடிவாப் பாத்துச் சொல்லு" என்கிறார் மாமி.

இப்போது உண்மையாகவே பல் வந்துவிட்டது. பல்லில்லாமல் கொழுக்கட்டை கொட்டியது செல்லாது, திரும்பக் கொட்டவேண்டும் என்கிறார் மாமி. இரண்டுதரம் கொட்டினால் பிள்ளைக்குக் கூடாது என்கிறார் பெரியமாமி. இருவரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். அனுபவமுள்ள தாய்மார் யாராவது தயவுசெய்து எழுதுங்கள். சற்று விரைவாக எழுதுங்கள். பக்கத்தில் இன்னொன்றும் வெள்ளையாகத் தெரிகிறது, நான் இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை.