மலை ஏற்றத்துக்கு வெறும் தண்ணீரா, ஆரஞ்சுப் பொடியா?

அன்புள்ள எல்லப்பன் அண்ணனுக்கு, ஓவேலியிலிருந்து தங்கச்சி தெய்வம்மா. நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் எப்படி இருக்கிறோம் என்பது கீழே வருகிறது, உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மாப்பிள்ளை மலையேறத் தெம்பு வர வேண்டுமென்று நீங்கள் கொடுத்தனுப்பிய, விளையாட்டுக்காரர்கள் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற பொடியை நான் கேசரியில் போட்டுவிட்டேன். ஆரஞ்சாக இருந்தால் வேறு என்னவென்று நினைப்பேன்? கேசரி புளிப்பும் உப்புமாக வந்தது. ஆனாலும் யாரும் மிச்சம் வைக்கவில்லை. இப்போது எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளில் வேப்பங்கொட்டையைக் கிண்டி வைத்தாலும் மிச்சம் இருக்காது.

பாக்டரி மூடியே கிடக்கிறது. இலைக்கு விலை இல்லாததால் பறிக்க ஆளில்லை, தேயிலைச் செடியெல்லாம் மரமாகிவிட்டது, உள்ளே யானை நின்றாலும் தெரியாது. போன மாதம் பக்கத்து வீட்டுக் கிழவி சின்னம்மை போய்ச் சேர்ந்தது. சாவுச் சான்றிதழில் காய்ச்சல் என்று எழுதினார்கள். பசி என்று எழுத அந்தத் தாளில் இடமில்லை போலிருக்கிறது. இந்த நேரத்தில்தான் மசினகுடிப் பக்கம் ஒரு ரிசார்ட்டில், காடு பார்க்க வருகிறவர்களுக்கு மூட்டை தூக்கி வழிகாட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. மூட்டையோடு மலை ஏறி இறங்கிக் காட்ட வேண்டும். வேலை கிடைத்தால் மகள் கீர்த்தனா படிப்பாள். கிடைக்காவிட்டால் திருப்பூரில் உங்களோடு ஒரே அறையில் கிடந்து பனியனில் பிசிறு வெட்டுவாள்.

பொடி போனதும் கம்பவுண்டர் ரமேஷ்குமாரிடம் ஓடினேன். "ஒரு மணி நேரம்னா வெறும் தண்ணியே போதுமுங்க. அதுக்கு மேல வேர்த்து ஊத்துச்சுன்னா உப்பும் சர்க்கரையும் வேணும்" என்றார்.

"உப்பு இருக்குங்க. சர்க்கரை உங்க பேச்சுலதான் இருக்கு, ஒரு டம்ளர் குடுங்க" என்றேன். மனுசன் சிரித்தாரே தவிரக் கொடுக்கவில்லை, அவரிடமும் இல்லை. உங்கள் மாப்பிள்ளையோ உப்பையும் வேண்டாமென்றார். "இத்தன வருசம் இலை மூட்ட தூக்குனேனே, எவன் எனக்குக் கலர் குடுத்தான்? தண்ணி போதும்டி, சும்மா இரு!"

வீட்டில் மூடியோடு இருந்தது ஒரு பழைய பிராந்தி பாட்டில்தான். அதில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். மற்றதெல்லாம் அதே வேலைக்காகக் கூடவே ஏறிய பக்கத்து லயத்துப் பாண்டியன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ரிசார்ட்டில் கொடுத்த கலர் பாட்டில்களைப் பாண்டியன் ஆசையாக வாங்கி வாங்கிக் குடித்து, பாதி வழியில் ஆரஞ்சாக வாந்தி எடுத்தானாம். இவருக்கு உச்சியில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டதாம். உப்பு போன உடம்பு, என்ன செய்யும்? ஆனாலும் காலை இழுத்து இழுத்து, இந்தப் பக்கம் ஒரு சாய்வு அந்தப் பக்கம் ஒரு சாய்வாக, எல்லாருக்கும் முன்னால் வந்து சேர்ந்துவிட்டார். கோட்டயத்திலிருந்து புதிதாக வந்த மேனேஜர் ஆளையும் பார்த்தார், பாட்டிலையும் பார்த்தார்.

"வழியில் எந்தா குடிச்சது?"

"தண்ணிங்க சார்."

"தண்ணியோ! மலை ஏறும்போழும்?"

"அது இல்லாம ஏத்தம் ஏற முடியுங்களா?"

"டெய்லி உண்டோ?"

"காலையில எந்திரிச்சதும் ஒரு சொம்புங்க. ஊட்டுல பொம்பளையும் குடிக்கும். புள்ளையையும் பழக்கி வெச்சிருக்கோம்."

மேனேஜர் நெற்றியில் கை வைத்துக்கொண்டாராம். வேலை பாண்டியனுக்குப் போயிற்று. இவருக்குக் காரணமே விளங்கவில்லை. "முன்னால வந்தது தப்பாடி?" என்று கேட்டார். காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன்.

ஆகவே அண்ணே, நாங்கள் வருகிறோம். பாய், தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் காய்கறி டெம்போவில் முன்னால் வரும். நாங்கள் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் பின்னால் வருவோம். கீர்த்தனா புத்தகப் பையை யாரும் தொடக்கூடாது என்று அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறாள். அண்ணியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். மாரியம்மன் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுசையும் இன்னொரு அறையையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
தெய்வம்மா

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள், நாங்கள் வரவில்லை. கடிதத்தை ஒட்டும்போது ரிசார்ட் ஜீப் வந்தது. மலையாளத்தில் குடிக்கிற தண்ணீருக்கு வெள்ளம் என்று பெயராம். தண்ணி என்றால் மேனேஜருக்குத் தெரிந்தது சாராயம் ஒன்றுதானாம். ஜீப் டிரைவர் விளங்க வைத்தபின், மேனேஜர் இவரை நாளைக் காலையே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார். இவரைக் கூப்பிட டெம்போவுக்கு ஓடினேன். சாமான் ஏற்றிய அசதியில் பாய்க்கட்டின் மேல் படுத்திருந்தார் போலிருக்கிறது. டெம்போ டிரைவர் பார்க்காமல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு திருப்பூருக்குக் கிளம்பிவிட்டார். கடிதம் கண்டதும் அவரை எழுப்பி பஸ் ஏற்றிவிடவும். தபால் வந்து சேர நாலு நாள் ஆகும் என்று போஸ்ட்மேன் சொல்கிறார்.