இஞ்சினியர் இருக்கிற வீடு

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு இராசமலர் வீட்டுத் தண்ணி மோட்டர் ஒருதரம் முக்கி, ஒருதரம் முனகி, அப்படியே அடங்கிப் போனது. அதே நேரம் பார்த்து வேலிக்கு அந்தப் பக்கம் தங்கை விமலாவின் மோட்டர் உர்ரென்று ஓடத் தொடங்கியது.

"வேணுமெண்டே போடுறாள்," என்றாள் இராசமலர்.

"ஆர், என்னத்தை?" என்று கணபதி பேப்பருக்குப் பின்னால் இருந்து கேட்டார்.

"உங்கட மச்சாள்தான். என்ர மோட்டர் நிண்டது கேட்டுத் தன்ர மோட்டரைப் போடுறாள்."

ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் துவசம். ஒரு வருசம் தங்கை வீட்டில், மறு வருசம் அக்கா வீட்டில் என்று பேச்சு. போன வருசம் விமலா வீட்டில் நடந்தபோது பைப்பைத் திறந்தால் தண்ணி, தலைக்கு மேலே ஃபான், முற்றமெல்லாம் வெளிச்சம். அக்கராயனில் இருந்து வந்த மாமி வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, "மனுசன் லொறியோட கொழும்பில நிண்டாலும் விமலா வீட்டைக் கட்டி ஆளுறாள்," என்று நாற்பது பேருக்கு முன்னால் சொல்லிவிட்டுப் போனா. அந்தச் சொல் இராசமலருக்கு இன்னும் செமிக்கவில்லை. இந்த வருசம் மாமியின் வாயால் அதைவிடப் பெரிதாக ஒரு சொல் வாங்க வேண்டும் என்று ஒரு வருசமாக இருந்தவளுக்கு, இப்போது கால் கழுவவே தண்ணி இல்லை.

மோட்டர் திருத்துகிற கடைக்குப் போன் போட்டாள்.

"செவ்வாய்க்கு முன்னம் ஏலாது அக்கா. வயல்காரர் எல்லாரின்ர மோட்டரும் என்ர கடையிலதான் கிடக்கு."

கணபதி பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம்," என்றாள் இராசமலர். முப்பது வருசம் சங்கக்கடையில் அரிசி நிறுத்த மனுசன் என்ன சொல்லிவிடப் போகிறார்? அவர் பேப்பரைத் திரும்ப விரித்துக்கொண்டார்.

கம்பஸில் படிக்கிற பொடியளுக்கு அறை கொடுக்கத் தொடங்கி நாலு வருசத்தில் இராசமலர் ஒரு சட்டம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். இஞ்சினியரிங் பொடியள் எதையும் திருத்துவாங்கள். அக்ரி பொடியள் எதையும் முளைக்க வைப்பாங்கள். மனேஜ்மென்ட் பொடியள் வாயாலேயே காரியத்தை முடிப்பாங்கள். அவளுடைய வீட்டில் இருந்த ஜெயந்தன் அக்ரி. நெளுக்குளத்துப் பொடியன். அவன் ஆசையோடு உரம் போட்ட கறிவேப்பிலைக் கன்று மூன்றே நாளில் கருகிப் போனது. சட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்று வேறு யாருக்கும் அப்போதே விளங்கியிருக்கும். "இவன் வகுப்புக்குப் போறேல்லை," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள் இராசமலர்.

விமலா வீட்டு அறைக்கு வாய்த்ததோ நிருஷன். இஞ்சினியரிங். அவன் வந்த பிறகுதான் அந்த வீட்டு மோட்டர் தடங்கலில்லாமல் ஓடத் தொடங்கியது. முற்றத்துக்கு லைட் வந்தது. ஒரு மாதம் கழித்துப் படலைக்கு மணியும் வந்தது. ஆர் செய்தது என்று கேட்டால், "வீட்டில ஆள் இருந்தாச் சரிதானே அக்கா," என்று சிரித்து மழுப்புவாள் விமலா. அந்த மணி அடிக்கும்போதெல்லாம் இராசமலருக்கு நெஞ்சுக்குள் பற்றிக்கொண்டு வரும். சும்மா சொல்லக்கூடாது, நல்ல சுத்தமான பொறாமை. சின்ன வயதில் விமலாவுக்குப் புதுக்குடை, தனக்குப் பழைய குடை என்று தொடங்கியது, இன்னும் ஓயவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வேலியடியில் வைத்து நிருஷனை மறித்தாள்.

"தம்பி, காலமையில என்ன சாப்பிட்டனீர்?"

"பாண் அன்ரி."

"நேற்று?"

"அதுவும் பாண்தான்."

"ஐயோ பிள்ளை. இஞ்சால வாரும், இடியப்பமும் சொதியும் இருக்கு. முன்னறையும் காத்தோட்டமா இருக்கு. இஞ்சயே வந்து இரும்."

பன்னிரண்டாவது இடியப்பத்தோடு நிருஷன் சம்மதித்தான். இராசமலர் ஜெயந்தனின் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, சண்டைக்குத் தயாராக இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு விமலாவிடம் போனாள்.

"உன்ர இஞ்சினியர் பொடியன் இனி என்ர வீட்டிலதான்."

"சரி அக்கா. அப்ப ஜெயந்தன் தம்பியை இஞ்ச விடுங்கோ," என்றாள் விமலா.

அவ்வளவுதான். அவள் ஒரு சொல் ஏசியிருந்தால்கூட இராசமலருக்கு மனம் ஆறியிருக்கும்.

மத்தியானம் நிருஷனை மோட்டருக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். அவன் அதைச் சுற்றி வந்து பார்த்தான்.

"அன்ரி, நான் சிவில்."

"அதென்ன அது?"

"பாலம், றோட்டு, கட்டடம்."

"என்ர வளவுக்குள்ள பாலம் ஒண்டும் இல்லை. மோட்டர்தான் இருக்கு. திருத்தும்."

சாப்பிட்ட இடியப்பம் வயிற்றில் இருக்கும்போது மறுப்பது எப்படி? மாட்டேன் என்றால் தனக்கு மட்டுமா வெட்கம், முழு இஞ்சினியரிங் பிரிவுக்கும்தான் என்று அவனுக்குப் பட்டது. போனில் ஒரு வீடியோவைப் போட்டுக்கொண்டு கழற்றத் தொடங்கினான். ஒன்பது ஆணி கழற்றினான். பூட்டும்போது ஐந்துதான் வேண்டியிருந்தது. மிச்சம் நாலையும் இராசமலருக்குத் தெரியாமல் சட்டைப் பைக்குள் போட்டான். கடைசி ஆணியை இறுக்கும்போது ஸ்பானர் சாவி கை நழுவிக் கிணற்றுக்குள் போனது. மோட்டர் இப்போது முனகவும் இல்லை.

"பறவாயில்லை அன்ரி. நாளைக்கு எலெக்ரிக்கல் செய்யிற என்ர பிரெண்டைக் கூட்டிக்கொண்டு வாறன்."

சனிக்கிழமை வந்த எலெக்ரிக்கல் பொடியன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இதின்ர சேர்க்கிட் டயக்ரம் இருக்கோ அன்ரி?" என்றான்.

"இது ஒரு பெட்டியில வந்தது தம்பி. அந்தப் பெட்டியில இப்ப கோழி அடைகாக்குது."

அவன் யோசித்தான். ஒரு வயரை இன்னொரு வயரோடு சேர்த்தான். டப் என்றது. வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ஃபான் நின்றது, பிறிட்ஜ் நின்றது, உழுந்து அரைத்துக்கொண்டிருந்த கிரைண்டர் பாதி மாவோடு நின்றது. எலெக்ரிக்கல் பொடியனுக்குத் திடீரென்று ஒரு வகுப்பு ஞாபகம் வந்து, சனிக்கிழமை என்றும் பாராமல் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

பின்னேரம் ஐந்து மணி. தண்ணி இல்லை, கரண்ட் இல்லை. மோட்டர் வாங்கிய பெருமையில் கிணற்றுக் கப்பியையும் துலாவையும் எப்போதோ கழற்றி எறிந்தாயிற்று. விடிந்தால் ஒன்பது மணிக்கு ஐயர் வருவார், நாற்பது பேர் வருவார்கள், மாமி வருவா. வந்து, "ஏன் இராசமலர், விமலா வீட்டிலயே வைச்சிருக்கலாமே," என்பா. அதைக் கேட்பதைவிடக் கிணற்றுக்குள் போன சாவியைத் தேடிக்கொண்டு தானும் இறங்கிவிடலாம் என்று இராசமலருக்கு இருந்தது. கண் கலங்கியது.

அழுது சொல்லவாவது புருசனைத் தேடினாள். கணபதியின் கதிரை வெறுமையாகக் கிடந்தது. ஒவ்வொரு பின்னேரமும் போவதுபோல வாசிகசாலைக்குப் போய்விட்டார். வீடு பற்றி எரிந்தாலும் பேப்பர் வாசிக்கிற மனுசன்.

அழுகை கோபமாக மாற அதிக நேரம் எடுக்கவில்லை. நிருஷனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தங்கை வீட்டுப் படலையைத் தள்ளினாள். மணி அடித்தது. விமலா முன் விறாந்தையில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நாளைக்கு அக்கா வீட்டுச் சமையலுக்குத்தான்.

"எடியே விமலா, நீ இந்தப் பொடியனுக்கு என்ன சொல்லி அனுப்பினனி?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை அக்கா."

"பொய் சொல்லாதை. இஞ்ச எல்லாத்தையும் திருத்தின கை, என்ர வீட்டுக்கு வந்த உடன ஏன் விளங்காமப் போச்சு? திருத்தாதை எண்டு சொல்லித்தானே விட்டனி? நாளைக்கு மாமிக்கு முன்னால நான் நாறவேணும். அதுதானே உனக்கு வேணும்?"

நிருஷனுக்கு இனித் தாங்க முடியவில்லை. சட்டைப் பைக்குள் இருந்த நாலு ஆணியையும் எடுத்து விறாந்தைக் கட்டின் மேல் வைத்தான்.

"அன்ரி, நான் இஞ்ச ஒண்டையும் திருத்தேல்லை. எனக்கு பல்ப் மாத்தவும் பயம்."

"அப்ப இந்த மோட்டர்? லைட்? மணி?"

"நான் கம்பஸால வர முன்னம் எல்லாம் செய்து முடிஞ்சிருக்கும். விமலா அன்ரி ஆரெண்டு சொல்லமாட்டா. நானும் கேக்கிறேல்லை."

இராசமலர் தங்கையைப் பார்த்தாள். விமலா துருவின தேங்காயையே பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

"அக்கா, உங்கட மோட்டரையும் இண்டைக்கே பாக்கச் சொல்லிக் கேட்டுப்போட்டன். அது அரை மணித்தியால வேலையாம். ஆனா உங்கட வீட்டில கை வைக்கப் பயமாம். நீங்கள் ஏசுவியளாம்."

"நான் ஏசுவனோ? திருத்தித் தாற மனுசனை ஆரும் ஏசுவினமோ? அந்தாள் ஆரெண்டு சொல்லு, நான் காலில விழுந்து கூட்டிக்கொண்டு போறன்."

விமலா வாய் திறக்குமுன், ஒரு நாளைக்கு முன்னால்தான் அந்த வீட்டுக்குக் குடிவந்த ஜெயந்தனின் குரல், ஒரு சூதுவாதும் இல்லாமல், குசினிக்குள் இருந்து கேட்டது:

"கணபதி அங்கிள், உங்கட ஸ்குரூ டிரைவர் நீங்கள் வழமையா வைக்கிற இடத்திலதான் கிடந்தது, இந்தாங்கோ."