பழக்கதோஷத்தில் போன தழும்புகள்

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எட்டே நாள். அதற்குள் கன்னத்தில் இருக்கும் முப்பத்திரண்டு பருத் தழும்புகளும் போயாக வேண்டும். எண்ணிப் பார்த்தது வேறு யாருமில்லை, டச்சப்பேதான்.

ஸ்டுடியோவில் எல்லாரும் அவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். போட்டோவில் விழுந்த பரு, கருவளையம், சுருக்கம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் துடைத்தெடுப்பது அவன் வேலை. பன்னிரண்டு வருஷமாகச் செய்வதால் கை தானாகவே ஓடும். வினையே அதில்தான் வந்தது. அவனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்த அக்கா, "உன் போட்டோ ஒண்ணு அனுப்புடா" என்றாள். இவனும் வேலையோடு வேலையாகத் தன் படத்தைத் திறந்து, பழக்கதோஷத்தில் சொந்த முகத்தையே வழித்து மெழுகி அனுப்பிவிட்டான்.

மறுவாரம் அக்கா போன் செய்தாள்.

"டேய், பொண்ணுக்கு உன் போட்டோ ரொம்பப் பிடிச்சிருக்காம். அடுத்த ஞாயித்துக்கிழமை கேக் கடையில நேர்ல பாக்கலாம்னு சொல்லிட்டாங்க!"

ஏற்கெனவே நாலு இடம் தட்டிப் போய் நொந்திருந்தவன். சந்தோஷத்தில், அப்படி என்ன போட்டோ அனுப்பினோம் என்று திறந்து பார்த்தான். பகீரென்றது. படத்தில் இருந்தவன் சோப்பு விளம்பரத்துக்குப் போகலாம்.

பெண்ணின் போட்டோவும் அவன் போனில் இருந்தது. முன்பல் ஒன்று லேசாகக் கோணல். டச்சப்புக்கு முதன்முறையாக ஒரு முகத்தில் எதையும் அழிக்கத் தோன்றவில்லை. மனசைப் பறிகொடுத்துவிட்டான், பாவம். உண்மையைச் சொன்னால் அவள் போய்விடுவாள். சொல்லாவிட்டால் நேரில் பார்த்து, 'ஃபிராடு' என்று சொல்லிவிட்டுப் போவாள்.

நேரே மருந்துக் கடைக்குப் போனான்.

"பருத் தழும்பு போக ஏதாச்சும் இருக்கா?"

"யாருக்கு?"

"என் ஃபிரெண்டுக்கு."

கடைக்காரர் அவன் கன்னத்தை நிதானமாகப் பார்த்தார். "உங்க ஃபிரெண்டுக்குக் கறுப்பா இருக்கிறது கொஞ்சம் மங்கும். பள்ளமா இருக்கிறது க்ரீமுக்கெல்லாம் மசியாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், பட்டாணி அளவு பூசச் சொல்லுங்க. மூணு மாசமாவது ஆகும்."

"எட்டு நாள்ல?"

"எட்டு நாள்ல டியூப் வேணா தீரும்."

டச்சப் அதைத் தீர்த்தே காட்டினான், அதுவும் இரண்டே நாளில். மூன்றாம் நாள் கன்னம் பழைய சுண்ணாம்புச் சுவர் மாதிரி உரிய ஆரம்பித்தது. எலுமிச்சம்பழச் சாறு எல்லாவற்றையும் வெளுக்கும் என்று போன் வீடியோவில் ஒரு புண்ணியவதி சொன்னாள். உரிந்த இடத்தில் தாராளமாகத் தேய்த்தான். அவன் அலறிய அலறலில் மாடி வீட்டுக்காரர் செருப்பு கூடப் போடாமல் ஓடி வந்தார்.

புளிப்பைச் சோடா அடக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அப்போதுதானா ஞாபகம் வர வேண்டும்? சமையல் சோடாவைக் குழைத்து அப்பினான். எரிச்சல் இரட்டிப்பானது. எரிச்சலை அடக்க வைட்டமின் ஈ மாத்திரைகளைக் குத்தி எண்ணெயைப் பிழிந்து பூசினான். அதில் புதிதாக ஏழு பரு முளைத்தது. ஆக மொத்தம் முப்பத்தொன்பது.

"இன்னிலேருந்து நீ உள் ரூம்லயே உக்காருப்பா" என்றார் ஸ்டுடியோ முதலாளி. "கைக்குழந்தையைப் போட்டோ எடுக்க வந்தாங்க. உன்னைப் பாத்து அது அழுகையை நிறுத்தவே இல்ல."

மறுபடி மருந்துக் கடை.

"உங்க ஃபிரெண்டு எப்படி இருக்காரு?"

"கொஞ்சம் செவந்திருக்கான்."

"அவரை எதையும் பூசாம சும்மா இருக்கச் சொல்லுங்க சார். புண்ணியமாப் போகும்."

சும்மா இருப்பதைத் தவிர வேறு எது சொல்லியிருந்தாலும் செய்திருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோ மேக்கப் பெட்டியைத் திறந்து, தழும்பை மறைக்கும் பூச்சை இரண்டு அடுக்கு ஏற்றினான். கேக் கடைக்குப் போய்ச் சேருவதற்குள் வியர்த்து, பூச்சு பாளம் பாளமாக எழும்பி நின்றது. கடைக் கண்ணாடியில் தன்னையே அடையாளம் தெரியாமல் ஒதுங்கி வழிவிட்டான். பிறகு விறுவிறுவென்று குழாயடிக்குப் போய் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு வந்தான்.

மேஜையில் அக்கா, எதிரே அந்தப் பெண், பக்கத்தில் அவள் சித்தி.

"ஐயையோ, என்னடா மூஞ்சி இது?" என்றாள் அக்கா.

டச்சப் உட்காரக்கூட இல்லை. போதும்டா சாமி என்று ஆகிவிட்டது அவனுக்கு.

"மன்னிச்சிருங்க" என்றான் பெண்ணிடம். "நீங்க பாத்த போட்டோல இருக்கிறது என் முகம் இல்ல. எனக்குக் கன்னம் முழுக்கத் தழும்பு. நான்தான் அழிச்சு அனுப்பினேன். ஏமாத்தணும்னு இல்லீங்க, கை தானா ஓடிருச்சு. அதைச் சரிக்கட்டப் போய்தான் இப்படி ஆயிட்டேன். பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிருங்க, நான் போயிடறேன்."

பெண் அக்காவைப் பார்த்தாள். அக்கா காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"நீ அனுப்பினதுல உன்னையே காணோமேடா" என்றாள் மெதுவாக. "அதான், எங்க வீட்டுல உன்னை எடுத்த போட்டோவையே அனுப்பிட்டேன்."

சித்தி கைப்பையிலிருந்து போனை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, திரையையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வந்தது பதினொரு போட்டோ. மத்த பத்துப் பேரும் மொழுமொழுன்னு ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருந்தாங்க. இந்தத் தழும்புக்காரர் ஒருத்தர்தான் மனுஷனா இருக்காருன்னு சொல்லித்தான் இவ கிளம்பியே வந்தா. அந்த முகம் எப்பத் தம்பி திரும்பி வரும்?"